வேனில் ஏறாதவளுக்கு

இன்று காலை சத்துவாச்சாரியில் பால் வாங்கப் போனேன். நெடுஞ்சாலையில் ஒரே நிறத் தொப்பி போட்ட கும்பல் ஒன்று சைக்கிளில் போனது. பின்னால் பேனர் கட்டிய ஒரு வேன். ஏதோ தர்ம காரியத்துக்காம். நல்ல பிள்ளைகள்தான், அவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. அந்த வேனைப் பார்த்ததும்தான் எனக்குப் பழைய கோபம் வந்தது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள், எனக்குத் தணியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

எண்பதுகளில் நாம் இருவரும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷின். உன் தெருவுக்குப் பின்னால் தோல் தொழிற்சாலையின் கழிவு வாய்க்கால் ஓடியது. உங்கள் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும். உன் வீட்டில் ஒருமுறை குடித்துவிட்டுச் சந்தில் போய்த் துப்பினேன். "பழகிட்டா தெரியாதுடி" என்றாய். உன் பிள்ளைகளின் கைகளில் சொறி பழகவே இல்லை.

அந்தத் தொழிற்சாலை முதலாளிதான் ஊர்ச் சேவைக் குழுவுக்கும் தலைவர். சைக்கிளில் மெட்ராஸ் வரை போய் நிதி திரட்டி, ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டுவதாக அறிவித்தார். உங்கள் தெருவைப் பார்வையிட வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் தொழிற்சாலை நாற்றம்தான் அது. உங்கள் தெருவிலிருந்து ஒருவர் ஓட்டி முடித்தால் தொட்டி உங்களுக்கே என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார். அவர் தொழிற்சாலையிலேயே வேலை செய்த உங்கள் தெரு ஆண்கள் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. சைக்கிளைத் தொட்டே பார்க்காத நீ கை தூக்கினாய்.

பாலாற்றங்கரையில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களை நினைத்தால் இப்போதும் மூக்கு சுருங்குகிறது. நீ விழுவதென்றால் நல்ல மணலில் விழமாட்டாய், தேடிப்போய், ஆற்றில் கலக்கும் அந்தக் கழிவு வாய்க்காலில்தான் விழுவாய். நுரையோடு எழுந்து வந்து, "முதலாளி ஊட்டு சென்ட்டு" என்று என் மேல் துடைப்பாய். நான் திட்டிக்கொண்டே மறுபடி உன்னை ஏற்றிவிடுவேன்.

சீட் குத்துகிறது என்று நீ செய்த வேலையை நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்வார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை செய்த உன் அண்ணனிடம் கேட்டு, பதனிட்டு முடியாத ஒரு தோலை வாங்கி, ஈரத்தோடு இழுத்துக் கட்டினாய். காய்ந்தால் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பது உன் கணக்கு. ஒட்டத்தான் செய்தது. வேர்வை பட்டதும் ஊறி, செத்த மாட்டு வாடை கிளம்பியது. போகிற ஊரெல்லாம் நாய்கள் பின்னாலேயே வந்தன. அவிழ்த்து எறியச் சொன்னேன். "நாய் தொரத்துனாதான் நான் ஜாஸ்தி வேகமா ஓட்டுறேன், உட்றி" என்றாய்.

கிளம்பிய அன்று பூமாலை, மேளம், போட்டோ எல்லாம் நடந்தது. துணைக்கு நானும் என் சைக்கிளில் வந்தேன். மாதனூர் தாண்டியதும் சேவைக் குழு ஆள் ஒருவன் கை காட்டி, கூட ஓட்டி வந்த எல்லாரையும் நிறுத்தினான்.

"போட்டோ எடுத்தாச்சு. சைக்கிள லாரில போட்டுட்டு வேன்ல ஏறுங்க. நாளைக்கு மெட்ராஸ்ல எறங்கி மேடை வரைக்கும் ஓட்டுனா போதும்."

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். நீ இறங்கக்கூட இல்லை, ஒரு காலை ஊன்றி நின்றாய்.

"நம்ம கம்பெனி லைன் பொம்பளைங்க நான் ஓட்டுவேன்னு காசு குட்த்தாங்க. வேன்ல ஏறுறதுக்கு இல்ல."

"நாளைக்கு சாயங்காலம் கூட்டத்துக்கு வந்து சேரலன்னா தொட்டி வேற தெருவுக்குப் போய்டும். அப்புறம் எங்கள கேக்கக் கூடாது."

"வந்து சேர்றேன்" என்று மிதித்தாய். நான் அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு உன் பின்னால் வந்தேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அன்று ராணிப்பேட்டையில் உன் சித்தி வீட்டில் படுத்து, மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் உன் செயின் அறுந்து, கடை தேடித் தள்ளிக்கொண்டே நடந்தோம். மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. சைக்கிளில் வந்தவர்களுக்குச் சால்வை போட்டு முடிந்ததாம். தொட்டி முதலாளி வீட்டுத் தெருமுனைக்கு என்று மைக்கில் சொல்லியாகிவிட்டதாம். அந்தத் தொட்டியில் அவர் பெயர் பெரிய எழுத்தில் வந்ததையும் பிறகு பார்த்தோம். அந்த நாளைப் போல அருவருப்பு எனக்கு வேறெதிலும் வந்ததில்லை. தோல் ஊறும் குழியில்கூட.

நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருக்குழாயைத் திறந்தாய். முகம் கழுவினாய். ஒரு கை ஏந்திக் குடித்தாய். அப்படியே நின்றாய். மறுபடியும் குடித்தாய்.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"ஒரு ருசியும் இல்லடி" என்றாய். "தண்ணின்னா இப்டிதான் இருக்குமா?" பிறகுதான் அழுதாய். அந்த இரண்டு நாளில் நீ அழுதது அந்த ஒரு முறைதான்.

வழிக்குத் தண்ணீர் கொண்டுவந்த கேனை நிரப்பி கேரியரில் கட்டிக்கொண்டாய். பிள்ளைகளுக்கு ஒரு வாய் காட்ட வேண்டும் என்றாய்.

இப்போதும் எந்த ஊரில் யார் தண்ணீர் கொடுத்தாலும் முதல் வாயை நாக்கிலேயே நிறுத்திப் பார்க்கிறேன். எதுவும் தெரியவில்லை என்றால்தான் விழுங்குகிறேன்.