மேட்டுக்காட்டு எருக்கு

சித்திரை 14, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. இன்று எனக்கும் மேட்டுக்காட்டு எருக்கஞ்செடிக்கும் கல்யாணம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டு போனேன்.

மூத்த தாரம் பிரசவத்தில் போனாள். அடுத்தவள் காய்ச்சலில். மூன்றாவதும் தங்காது என்று ஜோசியர். அதனால் மூன்றாவதாக எருக்குக்குத் தாலி கட்டி, உடனே வெட்டிவிட வேண்டும். அப்புறம் வருகிறவள் நாலாவது. சாவு எருக்கோடு போய்விடுமாம். யமனுக்கு எண்ணத் தெரியாது என்று நினைக்கிறார்கள் போல.

கொண்டுபோனவை: மஞ்சள் கயிறு, வெற்றிலைபாக்கு, தேங்காய் (அழுகல்), ஒரு முழம் மஞ்சள் துணி, அரிவாள்.

கயிறு கட்டும்போது பூவில் கை பட்டது. கிணறு வற்றிவிட்டது, மாட்டுக்குச் சோளத்தட்டு இல்லை, இது மட்டும் பூத்து நிற்கிறது. மாடுகூட வாய் வைக்காத செடி. பண்ணையாள் சின்னான் அரிவாளை எடுத்தான். நானே வெட்டிக்கொள்கிறேன், நீ போ என்றேன்.

வெட்டவில்லை. அம்மாவிடம் ஆயிற்று என்று சொல்லிவிட்டேன்.

சித்திரை 17

அதே வெயில். மறுபடியும் மேட்டுக்காடு. இளையவள் போனதிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை. இந்தச் செடியின் எதிரே உட்கார்ந்தால் பேச்சு வருகிறது. யாரும் தண்ணீர் விடாமல் பூக்கிற இதற்குள் சாமி இல்லையென்றால் வேறு எங்கேயும் இல்லை. எங்கேயுமே இல்லையோ என்னவோ.

மத்தியானம் செ.பேட்டை ஜவுளிக்கடையில் கல்யாணச் சேலை. அம்மா அரக்கு எடுத்தாள். எருக்கம்பூ நிறத்தில் ஒன்று இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

வைகாசி 8, வியாழன்

கல்யாணம் முடிந்தது. பெண் பாவாயி, எடப்பாடிப் பக்கம். பந்தலில் பாதிப் பேர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பின்னால் ஒரு குரல்: "எருக்கை வெட்டியாச்சுங்களே, இனி என்ன பயம்?" தாலி முடிச்சுப் போட்டேன். அவள் கழுத்து சூடாக இருந்தது. உயிருள்ள கழுத்து.

ஆவணி 3

தூறல். ஆடிக்குத் தாய்வீடு போன பாவாயி காய்ச்சலோடு திரும்பியிருக்கிறாள். உடம்பு தூக்கிப்போடுகிறது. கசாயம், கொயினா மாத்திரை. ஒன்றும் கேட்கவில்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனியில் விறகு பொறுக்கப் போனபோது செடியில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தாளாம். இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. இன்று போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்:

"அக்காளை வெட்டிப்போடுங்க மாமா. நான் பொழைக்கோணும்."

ஆவணி 4

வெட்டினேன். முழங்கை வரை பால். கயிற்றை அவிழ்க்கவில்லை. முந்தின இருவரைப் போல அதுவும் சுமங்கலியாகவே போகட்டும் என்று குழி தோண்டிப் புதைத்தேன். அடித்தூரைத் தோண்டியெடுக்க மனம் வரவில்லை.

அம்மாவுக்கு இன்றுதான் தெரிந்தது. "ஒரு செடியப் பாத்துக்கிட்டு என்ற மருமவள எமனுக்குக் குடுத்துருவியா சாமி?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

வெட்டியாயிற்று என்றதும் பாவாயி கண்ணை மூடித் தூங்கினாள்.

ஆவணி 9

காய்ச்சல் விட்டிருக்கிறது. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். அப்படியென்றால் யமனுக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது, எருக்கையும் சேர்த்து. நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம்.

வண்டிக்கு அச்சாணி மாற்ற வேண்டும். மறக்கக் கூடாது.

ஆவணி 22

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஊரே சந்தோஷமாக இருக்கிறது. பாவாயிக்கு நேற்று மாலையிலிருந்து திரும்பவும் காய்ச்சல். அதே நடுக்கம்.

நனைந்துகொண்டே மேட்டுக்காடு போனேன். அடித்தூரில் தளிர். இரண்டே இலை, சாம்பல் பூசிய பச்சை. சேற்றில் உட்கார்ந்து அழுதேன். போன மூன்று பேரில் இவள் ஒருத்திதான் திரும்பி வந்திருக்கிறாள். கும்பிடக் கை போயிற்று. கிள்ளவும் அதே கைதான் போயிற்று. இரண்டும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் பாவாயி என் காலில் இருந்த சேற்றையே பார்த்தாள்.

"அது மறுபடியும் மொளைக்கலீங்களே?"

இல்லை என்றேன்.

மழை விட்டதும் மண்வெட்டியோடு போக வேண்டும். மழை விடக் கூடாது.