ஒரு சொட்டுக்குக் கை தட்டினார்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா பிழைத்துக்கொண்டார். முதலில் அதைப் படித்துவிடு, அப்புறம் மறைத்ததற்கு என்னைத் திட்டு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

உனக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த அதே வாரம், பட்டறையில் அப்பா காலில் ஆணி குத்தியிருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன கால், மனுஷனுக்கு வலிக்கவே இல்லை. புண்ணைப் பார்த்து நான் கத்தினால், காலம் பூரா ஆணியோட குடித்தனம் நடத்துறேன், அது என்னை என்னடி பண்ணும் என்கிறார். அப்புறம் குளிர் நடுக்கம். விடிந்ததும் என்னையே யாரென்று கேட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா உன் வயதுப் பெண். புண்ணிலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் நின்றுவிட்டது என்றாள். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று அசடு மாதிரி கேட்டேன். வயசு, சர்க்கரை, தாமதமா வந்தது எல்லாம் சேர்ந்திருக்கும்மா, இவங்க சீக்கிரம் வீட்டுக்குப் போக மாட்டாங்க, முதல்ல உயிர் நிக்கட்டும் என்றாள்.

கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பை காலியாகவே கிடந்தது. ஒரு நாள் காலை நர்ஸ் கூவினாள். பையில் மஞ்சளாக ஒரு சொட்டு! டாக்டரம்மா ஓடிவந்து கை தட்டினாள். தரை துடைக்கிற அம்மாள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அப்பா ஒண்ணுக்குப் போனதற்கு இத்தனை கொண்டாட்டம்! அடேயப்பா, இந்த உடம்புக்குள் எத்தனை வேலை சத்தமில்லாமல் நடக்கிறது! இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டும் எனக்கு அது தெரியாமல் போச்சே. அந்தப் பையைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சிரிக்காதே.

புண் வந்த காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஸ்பூன் பிடிக்கக் கை நடுங்குகிறது. வீடு திரும்ப இன்னும் நாளாகும், அதனால் உன் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லையடி.

பிள்ளை பெற்ற உடம்புக்கும் இந்த ஆபத்து உண்டாம். தையல் போட்ட இடம் சிவந்தாலோ, உடம்பு நடுங்கினாலோ உடனே மாப்பிள்ளையிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. ஒன்றுமில்லை என்று பல்லைக் கடிக்காதே. நீ அவர் பெண், அதுதான் எனக்குப் பயம்.

பேரனோடு நீ வந்து இறங்கும்போது அவர் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். அவரை நடக்க வைப்பது என் பாடு. வந்து இறங்குவது உன் பாடு. வலித்தால் கத்து, கண்ணே.

உன் அம்மா