எடை குறைந்த எஞ்சினின் விலை

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் நல்ல பனி. பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டது, வீடெல்லாம் தூசி. அப்பாவைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, பிறகு லேப்டாப். பக்கவாதம் வந்த வலது கை இன்னும் எழவில்லை.

எங்கள் கம்பெனியின் புது விமான எஞ்சின், இன்னும் வரைபடத்தில்தான். செய்து முடிக்க என்ன செலவாகும் என்று சொல்ல வேண்டியது நான், கீழ்வேளூரில் உட்கார்ந்துகொண்டு.

இரண்டு வழி. பழைய எஞ்சின்களின் எடையையும் விலையையும் புள்ளி வைத்து ஒரு கோடு போடலாம். புது எஞ்சினின் எடைக்கு நேரே என்ன விலை என்று பார்த்தால் போதும். அரை நாள் வேலை. இல்லையென்றால் ஒவ்வொரு பாகமாக: உலோகம், வார்ப்பு, கடைசல், சோதனை, கழிவு. மாதக்கணக்கில். இரண்டையும் முடித்துவிட்டேன். ஒத்துப்போகவில்லை. பாகம் பாகமாகப் போட்டது கோட்டு விலையைப் போல ஒன்றரை மடங்கு.

காரணம், டர்பைன் பிளேடு, எஞ்சினின் சூட்டில் சுழலும் தகடு. உள்ளே காற்று போக மெல்லிய வழிகள் வைத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். அதை வார்க்கிற ஃபவுண்டரியில் கேட்டேன், பத்து வார்த்தால் நாலு தேறினாலே பெரிது என்றார்கள். எடை குறைந்தால் விலையும் குறையும் என்றுதான் கோடு சொல்லும்; தேறாத ஆறின் செலவு அதற்குத் தெரியாது.

வாங்க: கஞ்சி மாவு, டயப்பர், பி.பி. மாத்திரை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பெங்களூரிலிருந்து மேனேஜர் மோகன் சார் போன். கோட்டு விலையை மட்டும் அனுப்ப வேண்டுமாம், என் கையெழுத்தோடு. கூடுதல் விலை போனால் மேலிடத்தில் திட்டத்தையே மூடிவிடுவார்களாம். பிளேடு பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். பிறகு,

"வீட்லேருந்து வேலை பாக்க உங்க ஒருத்தருக்குத்தான் பர்மிஷன் வாங்கி வச்சிருக்கேன், ரெஜினா. அதையும் இதையும் நான் சேத்துப் பேசல."

சேர்த்துத்தான் பேசினார்.

தோஹாவில் இருக்கும் தம்பி டேவிட்டைக் கூப்பிட்டேன். கொஞ்ச நாள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டால் நான் வேறு வேலை தேடலாம். லீவு இல்லையாம். "நீ வீட்லதானேக்கா இருக்க" என்றான். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான்.

பிப்ரவரி 4, புதன்

இரண்டு விலையும் அனுப்பிவிட்டேன். ஏன் வித்தியாசம் என்று ஒரு பக்கம் விளக்கம். கையெழுத்து பாகம் பாகமாகப் போட்டதற்கு மட்டும்.

அனுப்பிய மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து படித்தேன். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குழறலாக, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். தனியாகப் பயப்படக்கூட இந்த வீட்டில் இடமில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பதில் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிட்டார்களாம். ரோடு முழுக்க நெல் காய்கிறது. ஆட்டோ வர வழியில்லை. பிசியோதெரபிஸ்ட் வரவில்லை. நானே அப்பாவின் கையை மடக்கி நீட்டினேன். வலித்திருக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

திட்டத்தை முடிவு செய்கிற மீட்டிங் முடிந்துவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. போனது கோட்டு விலைதான், மோகன் சார் கையெழுத்தில். என் விளக்கப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். திட்டம் பாஸ்.

என் வேலை போகவில்லை. வீட்டிலிருந்தே தொடரலாமாம். கேட்டதும், வெட்கமில்லாமல், நிம்மதி.

சாயங்காலம் மோகன் சார் போன். குரலில் கோபமே இல்லை. "பிளேடு விஷயம் உங்களவிட யாருக்கும் தெரியாது. சொன்ன விலைக்குள்ள அதக் கொண்டு வர்றது இனிமே உங்க பொறுப்பு."

எதுவரைக்கும் என்று கேட்டேன். எஞ்சின் பறக்கிறவரைக்கும் என்றார். அவர் போட்ட கையெழுத்துக்கு இனி வருஷக்கணக்கில் பதில் சொல்ல வேண்டியது நான்.

சரி சார் என்றேன். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.