எதிரே ஆளில்லாத கேள்வி

யூன் 8, ஞாயிறு
கொலின்ஸ் அண்ணை பிரான்ஸுக்குப் போனதோடு எங்கள் முற்றத்து முந்நூற்று நாலு சீட்டாட்டமும் நொண்டியாகிவிட்டது. நாலு பேர் ஆட்டம், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி; அண்ணைதான் அப்பாவின் சோடி. மிச்சம் அப்பா, அடைக்கலநாதன் மாமா, பக்கத்து வீட்டுச் சுதாகரன். நான் இருக்கிறேன் என்றேன்.
"பொம்பிளைப் பிள்ளை காட்ஸ் விளையாடுறதோ? போய்த் தேத்தண்ணியைப் போடு," என்றார் மாமா. ஏழு, எட்டுச் சீட்டுகளைக் கழித்துவிட்டு மூன்று பேராகவே விளையாடினார்கள். குருநகர்ச் சந்தையில் மீன் விற்கப் பெண் வேண்டும். சீட்டுக்கு மட்டும் கூடாது.

யூன் 15
தேநீர் கொடுத்தபடி பார்த்தேன். மூன்று பேர் என்றால் சோடி கிடையாது. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்டவன் தனி. மற்ற இருவரும் சேர்ந்து அவனை விழுத்த வேண்டும். அப்பாவோ எதிரே இன்னும் அண்ணை இருப்பதுபோல இருநூறு கேட்கிறார். கையில் ஆகப் பெரிய சீட்டான துரும்பு ஜாக் கூட இல்லை. யார் பிடித்துக் கொடுப்பது? விழுந்துவிட்டு, "உந்தக் கட்டு சரியில்லை," என்கிறார்.
சொல்லிப் பார்த்தேன். "நீ வாயை மூடு."

யூன் 22
அதே கூத்து. அதே தேத்தண்ணி.

யூலை 6
சுதாகரன் வேலைக்குக் கொழும்பு போய்விட்டான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமா, "சரி, சும்மா கைக்கு இரன் பிள்ளை."
கைக்கு! ஆளாக இல்லை.
என் கையில் இருப்பதை மட்டும் நம்பிக் கேட்டேன், வென்றேன். மாமா கேட்டபோது, அப்பா பிடித்த பிடியில் என் ஏஸைப் போட்டேன்.
"எனக்கேன் புள்ளி தாறாய்?" என்று அப்பா முழித்தார். நாங்கள் இருவரும் ஒரு பக்கம் என்பது அவருக்கு இன்னும் ஏறவில்லை. மாமா விழுந்தார்.
"உவளுக்கு அதிர்ஷ்டம்."
ஓம், நான் வென்றால் அதிர்ஷ்டம்!

யூலை 27
சுதாகரன் லீவில் வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றான்.
"எழும்பு பிள்ளை, ஆள் வந்திட்டான்," என்றார் மாமா. நாலு பேர் இருக்க, மறுபடியும் மூன்று பேராக விளையாடுவார்களாம்! எழும்பினால் பிறகு தேத்தண்ணிதான். எழும்பவில்லை.
"இன்னொரு கதிரை கொண்டா," என்றேன் சுதாகரனிடம்.
அப்பா ஒதுக்கி வைத்திருந்த ஏழையும் எட்டையும் சீட்டுக்கட்டில் சேர்த்துக் கலைத்தார். தன் கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டார்.
நல்ல கை வந்தது. தனியாகக் கேட்டுப் பழகிய பயத்தில், ஆகக் குறைந்த கேள்வியான நூற்றறுபதோடு நின்றுவிட்டேன். வென்றோம். அப்பா சீட்டை மேசையில் அடித்தார்.
"உந்தக் கையை வைச்சுக்கொண்டு ஏன் பயந்தனி? எதிரை நான் ஒருத்தன் இருக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?"
இவ்வளவு நாளும் எங்கே இருந்தாராம்? எரிச்சல்தான் வந்தது.
அடுத்த கையில் இருநூறு கேட்டேன்.