வங்கிக்குப் போகிறேன், கெஞ்ச அல்ல

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பாப்பாவை நீங்களே எழுப்புங்கள்.

என் கிரெடிட் கார்டை வங்கி முடக்கியதும், "இதுவும் திருட்டுதான்"னு நேற்று சொன்னீர்கள். தங்கச்சியின் தையல் கடையில் இருக்கும் கார்டு மிஷினில், துணி தைத்ததாக பில் போட்டு கார்டைத் தேய்த்தேன். அவள் பணத்தைத் திருப்பித் தந்தாள், கார்டில் செலவழித்தால் வங்கி தரும் கேஷ்பேக் எனக்கு வந்தது. கூடாது என்று வங்கி எங்கேயும் எழுதவில்லையே. நாம் ஒருநாள் தவணை தப்பினால் அபராதம் போடுகிறவர்களுக்கு, தங்கள் விதியில் ஓட்டை விழுந்தால்தான் நியாயம் ஞாபகம் வரும்.

"தைக்காத துணிக்கு பில் போட்டது பொய்தானே?"ன்னும் கேட்டீர்கள். ஆமாம், அது பொய்தான்.

நேற்று ராத்திரி தங்கச்சி போன் பண்ணினாள். அவள் கார்டு மிஷினையும் முடக்கிவிட்டார்களாம். வாடிக்கையாளர்கள் திரும்பிப் போகிறார்களாம். "பரவால்லக்கா, நீ கவலைப்படாத"ன்னாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். வாங்கிய கேஷ்பேக்கை மேஜைமேல் வைத்து, "யோசனை என்னுது, அவ மிஷின விடுங்க" என்று சொல்லப் போகிறேன்.

பி.கு.: கணக்கில் உங்கள் பெயரும் இருப்பதால் உங்களையும் கூப்பிடுவார்கள். வீட்டில் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.