கெளுத்திக்குச் செதில் கிடையாது

அன்பு மாப்பிள்ளை சேகர்,

பத்து ஆராங் சரிவில் மண் வெட்டும்போது நீ எடுத்த கல்லில் இருப்பது எலும்பு மீன்தான். நேற்றுக் காலை பல்கலைக்கழக ஆய்வகத்து அம்மையார் போனில் உறுதிப்படுத்தினார். முதுகெலும்பின் கணுக்களும் துடுப்பின் கதிர்களும் தெளிவாக இருக்கின்றனவாம். அங்கே ஏரி இருந்த காலத்தில், மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பு நீந்திய மீன். எந்த வகை என்பதுதான் தெரியவில்லை.

உனக்குக் கொஞ்சமாவது தெரிந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு மேசைமேல் அந்தக் கல்லை வைத்துவிட்டு, "செதில் இருக்கு பாரு. கெளுத்திக்குச் செதில் கிடையாது. அப்ப இது கெளுத்தி இல்ல லா," என்றாய். நான் விழித்தேன். "இத்தனை வருஷம் ரிப்போர்ட்டர், பாசார்ல ஒரு மீன் பார்த்து வாங்கத் தெரியாது!" என்று சிரித்தாய்.

பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டும். கல்லைக் குழாயடியில் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

"தேய்க்காத மச்சான், போயிடும்."

"படத்துல தெளிவாத் தெரியணும்டா."

"சரி, நீ படிச்சவன்."

ஒரே வகுப்பில் படித்தோம். அதன் பிறகும் ஏன் அப்படிச் சொன்னாய்?

படம் நன்றாக வந்தது. ஆனால் ஆய்வகத்தில் முதல் நாளே கேட்டார்கள்: "செதில் எங்க சார்? யாரோ தேய்ச்சிருக்காங்களே." இப்படிப்பட்ட கல் பிளந்தால் மீன் இரண்டு பாதியிலும் பதிந்திருக்கும், மறுபாதி கிடைத்தால் வகை சொல்லலாம் என்றார்கள். அதை உனக்குப் போன் செய்து சொன்னதும் நான்தான். தேய்த்தது யார் என்று மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

"அது எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியும், மச்சான்," என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் மழைக்குப் பிறகு, வேலை நிறுத்தியிருந்த சரிவுக்குத் தனியாகப் போனாய். மண் இறங்கியது. மாலையில்தான் உன்னை எடுத்தார்கள். உன் சாப்பாட்டுப் பையில், துண்டில் சுற்றிய ஒரு கல் இருந்தது.

பையைக் கிள்ளானில் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். லெட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

"அந்தக் கல்லை உள்ள கொண்டு வராதண்ணே. அதுதான் அவரைத் தின்னுச்சு."

கல் இல்லம்மா, நான்தான் என்று என் தங்கையிடம் அப்போது சொல்ல வாய் வரவில்லை. சென்ற வாரம் சொன்னேன். அந்தக் கல்லை ஆய்வகத்தில் கொடுத்து, அங்கேயும் சொன்னேன்.  "அவர் எடுத்தது சரியான கல்லா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு," என்றாள் லெட்சுமி.

அதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. அது மறுபாதியா, வெறும் கல்லா என்பது அதன்மேல் ஒட்டியிருக்கும் களிமண் போனால்தான் தெரியும். பூதக்கண்ணாடியின் கீழே வைத்து ஊசி முனையால் எடுக்கிறார்கள். யாரும் பிரஷ் தொடவில்லை. இந்த மாதக் கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் எதுவானாலும் அன்றே கிள்ளானுக்கு ரயில் ஏறுவேன். லெட்சுமியிடம் நேரில் சொல்வேன். அதற்குப் பிறகுதான் செய்தி எழுதுவேன். மீனைக் கண்டெடுத்தவன் நீ, செதிலை அழித்தவன் நான் என்பது அதன் முதல் பத்தியில் இருக்கும்.

லெட்சுமியின் அண்ணன்,
உன் மச்சான்