அறுபத்து மூன்று நாள் கமிஷனர்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

போனில் நீ அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "அவமானப்பட்டது போதும்மா, வேலையை விட்டுட்டு எங்கிட்ட வந்துடு" என்றாய். நீ பேப்பரில் வந்ததை வைத்துப் பேசுகிறாய், நடந்ததை நான் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷ வேலைக்குப் பிறகு இந்த நகரத்தின் கமிஷனர் நாற்காலியில் உட்கார்ந்தேன், அறுபத்து மூன்றாம் நாள் எழுந்துவிட்டேன். நடுவில் ஒரு தையல்காரர் செத்துப்போனார். திருட்டு மிஷின் வாங்கினார் என்று விசாரிக்கக் கூட்டிப்போனார்கள், மறுநாள் பிணமாகக் கொடுத்தார்கள். ஸ்டேஷன் மாடிப்படியில் உருண்டு விழுந்தார் என்று என் மேஜைக்கு அறிக்கை வந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அந்த ஸ்டேஷனில்தான் வேலை. மதியம் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வருவார், ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன், அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாத மூலை இல்லை. அங்கே மாடியே கிடையாது பாப்பு. ஒருவேளை புதிதாகக் கட்டியிருப்பார்களோ என்று நேரில் போய்ச் சுற்றிப் பார்த்தேன். வாசலில் இரண்டு படி, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரிடம், "எந்தப் படின்னு காட்டுங்க" என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

அவர் பெரிய இடத்துப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். "துறை மானம் போயிடும், கொஞ்சம் விட்டுப் பிடிங்க மேடம்" என்று மேலிருந்து போன் வந்தது. அவரையும் இரண்டு காவலர்களையும் கைது செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் மாற்றல் உத்தரவு. பொறுப்பை ஒப்படைத்த அன்று, சுவரில் இருக்கும் கமிஷனர்கள் பெயர்ப் பலகையில் என் பெயரை எழுதப் பெயிண்டர் வந்தார், வந்த தேதியையும் போன தேதியையும் ஏணியை விட்டு இறங்காமலே எழுதி முடித்தார். காரில் வரும்போது அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். டிரைவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டார். இப்போது சீருடைக் கிடங்குக்கு நான் பொறுப்பு. பூட்ஸும் பெல்ட்டும் சல்யூட் அடிப்பதில்லை, ஆனால் பொய் அறிக்கையும் எழுதுவதில்லை.

வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சாட்சி. "சரியா ஞாபகமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்ல இடம் கிடைக்கும்" என்று பழைய சிநேகிதர் ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து, "இந்த வீட்ல ஞாபகமறதி எனக்கு மட்டும்தான் சார்" என்று வழியனுப்பி வைத்தார். நேற்று தையல்காரரின் மனைவி கிடங்குக்கே வந்தாள். வாசல் காவலர் தயங்கினார், நானே போய் உள்ளே அழைத்து வந்தேன். நியாயம் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. "எல்லாரும் பயந்து ஒதுங்கிட்டாங்க, நீங்க வருவீங்களா" என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் வேலையையும் விடப்போவதில்லை, இப்போதைக்கு உன்னிடம் வருவதாகவும் இல்லை. டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய்துவிடு, கோபப்படாதே.

டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையை மறக்காமல் போடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும், அம்மாவின் மனசு முழுக்க அதுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். அந்த நேரத்தில் என் பெயரைச் சொல்லி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா